அடைபட்ட குதிரைக்கு எது கைகொடுக்கும்? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

மருத்துவர் பெட்டியை மூடிக்கொண்டே, "ஆறு வாரம் அறையை விட்டு வெளியே விடாதீர்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும். அந்தக் காலுக்கு மேலே நிற்கும் 500 கிலோ பிராணி ஆறு வாரமும் பொழுதை எப்படிக் கழிக்கும் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

மூன்றாம் நாள் கதவு உதைபடும். ஐந்தாம் நாள் குதிரை நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கும், அல்லது மரவிளிம்பைக் கடித்துக் காற்றை உறிஞ்சும். அப்போதுதான் கேள்விகள் வரும். உருட்டுப் பந்து வாங்கலாமா? ஓர் ஆட்டைத் துணைக்குக் கட்டலாமா? கண்ணாடி மாட்டலாமா? சிறிய அடைப்புக்கு மாற்றலாமா? மாத்திரை கேட்கலாமா? எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், எல்லாமே எங்கோ ஒரு குதிரைக்குப் பலித்திருக்கின்றன. உங்கள் குதிரைக்கு எது என்பதை அது கலங்கும் நேரம் காட்டிக்கொடுக்கும்.

## முதலில் ஒரு நாள் வேவு

எதையும் வாங்குவதற்கு முன், இரவும் சேர்த்து ஒரு முழு நாள் குதிரையைக் கவனியுங்கள். பழைய கைப்பேசி ஒன்றை எட்டாத உயரத்தில் பொருத்திப் படம் பிடித்தால் போதும். குதிரை எந்த மணிக்குக் கலங்குகிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

தீவன வாளியின் சத்தம் கேட்டதும் கதவை உதைத்து, தின்றபின் அடங்கினால் அது வயிறு சம்பந்தப்பட்டது. பக்கத்து அறைக் குதிரையைச் சவாரிக்குக் கூட்டிப்போகும் வேளையில் மட்டும் கனைத்துச் சுழன்றால் அது துணைக்கான ஏக்கம். அறைக்குள் சாதுவாக நின்றுவிட்டு, கயிற்றில் பிடித்து வெளியே வந்ததும் துள்ளினால் அது தேங்கிப்போன தெம்பு. வேளை கெட்ட வேளை என்றில்லாமல் நாள் முழுவதும் நிலைகொள்ளாமல் இருந்தால் பொழுதுபோக்குப் பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது பெரும்பாலும் வலி.

"எங்கள் குதிரை தங்கம், அசையவே இல்லை" என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகக் கவலை. கழுத்தை முதுகின் மட்டத்துக்கு நீட்டி, சுவரைப் பார்த்தபடி, காதைக்கூடத் திருப்பாமல், யார் வந்தாலும் கண்டுகொள்ளாமல் நிற்கும் குதிரை திருப்தியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது உலகத்திலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. உதைக்கும் குதிரையாவது தன் குறையைச் சொல்கிறது.

நானும் முதல்முறை பந்துதான் வாங்கினேன். தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அடிபட்ட, காயடித்த குதிரை. தினமும் மாலை நான்கு மணிக்குக் கதவைப் பிளக்கிற மாதிரி உதைப்பான். பந்தை ஒரு மணி நேரம் உருட்டினான், பிறகு அதன்மேல் லத்தி போட்டான். ஒருநாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: நான்கு மணிக்கு மேய்ச்சல் வெளியிலிருந்து மற்ற குதிரைகள் திரும்பி வருகின்றன. மூன்றரை மணிக்கே காய்ந்த புல்லை வைத்துப் பார்த்தேன். அந்த வாரமே உதை பாதியாகக் குறைந்தது. பந்து இன்னும் பரணில் கிடக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, காயம் அனுமதிக்கிறதா என்பது. குதிரையின் மனதுக்கு இனியது எல்லாம் காலுக்கு இனியதாக இருக்காது. அடுத்தது, 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரத்தை நிரப்புகிறது, குறிப்பாக யாரும் இல்லாத இரவில். மூன்றாவது, குடலுக்கு என்ன செய்கிறது. நடமாட்டம் திடீரென நின்றால் குடலின் அசைவும் மந்தமாகும். அடைபட்ட குதிரைக்கு மலச்சிக்கலால் வரும் சூலை என்னும் கடும் வயிற்றுவலி, காயத்துக்கு அடுத்தபடியான ஆபத்து. நான்காவது, நீங்கள் இதை எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பீர்கள். முதல் வாரத்து உற்சாகத்தில் தொடங்கி மூன்றாம் வாரத்தில் கைவிடப்படும் ஏற்பாடு, தொடங்காததைவிட மோசம். கடைசியாக, அந்த ஏற்பாடு ஒருநாள் தவறினால் என்ன ஆகும்.

இந்தக் கடைசி அளவுகோலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## வழி 1: தின்னும் நேரத்தை நீட்டுவது

இயல்பாக வாழும் குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை மேயும். 500 கிலோ குதிரைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், அதாவது ஏழரை முதல் பத்து கிலோ உலர்புல் தேவை. ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன ஏறக்குறைய 40 நிமிடம் எடுக்கும். எட்டு கிலோவைத் தடையில்லாமல் தின்றால் ஐந்தரை மணி நேரத்தில் காலி. மிச்சமுள்ள எட்டு, பத்து மணி நேர வெற்றிடத்தில்தான் கதவு உதைபடுகிறது, மரம் கடிபடுகிறது.

குதிரையின் இரைப்பை, தீனி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டுமே சுரக்கும். வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் நின்றால் இரைப்பைப் புண் வரும். வலிக்காகக் கொடுக்கப்படும் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் அந்தப் புண்ணை இன்னும் எளிதாக வரவழைக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் புல் இல்லாமல் விடாதீர்கள் என்பது என் கட்டளை போன்ற வேண்டுகோள்.

நேரத்தை நீட்டும் கருவி, சிறு கண்ணிகள் உள்ள புல்வலை. மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணி, குதிரையை ஒவ்வொரு வாயாக இழுத்து எடுக்க வைக்கும். இரண்டு மூன்று வகை உலர்புல் கிடைத்தால் கலக்காமல் தனித்தனி வலையில் கட்டுங்கள். எதை முதலில் தின்பது என்று தேர்ந்தெடுப்பதே அதற்கு ஒரு வேலை. ஒரு வேளைப் புல்லைத் தரையிலும் போடுங்கள். தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடியும்.

அடர்தீவனத்தை முதல் நாளே வெட்டிக் குறையுங்கள். கொள் என்றால் வாயைத் திறக்கும் பிராணியிடம் இதைச் செய்ய மனம் வராதுதான். ஆனால் ஒரு கிலோ தானியம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதன் ஆற்றலோ நாள் முழுவதும் கால்களில் நிற்கும். வேலை இல்லாத நாட்களிலும் முழுப் படி தானியம் தின்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போகும் குதிரைகளுக்குத் தசைகள் கல்லாக இறுகிப்போகும் நோயை வண்டிக்குதிரைக் காலத்திலேயே கண்டிருந்தார்கள். தாது உப்புகளையும் வைட்டமின்களையும் ஒரு கைப்பிடிச் சத்துக்கலவையில் கொடுத்துவிடலாம். உலர்புல்லின் வகையை மாற்றுவதாக இருந்தால் மட்டும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மெல்ல மாற்றுங்கள்.

மறைந்திருக்கும் விலை: லாடம் அடித்த குளம்பு வலையில் சிக்கும். காலியான வலை தொங்கும்போதும் கால் எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். கழுத்தை முறுக்கி இழுப்பது கழுத்து, முதுகுக் காயங்களுக்கு ஆகாது. நான்கு சுவரிலும் நான்கு வலை கட்டினால் குதிரை திரும்பித் திரும்பி நடக்கும். தசைநாண் காயத்தின் பிற்பகுதியில் அது நல்லது, எலும்பு முறிவில் அது கேடு. பொறுமையில்லாத சில குதிரைகள் வலையோடு சண்டைபோட்டு, முன்பைவிட எரிச்சலாகிவிடும். அவற்றுக்குப் பெரிய கண்ணியில் தொடங்கிப் படிப்படியாகச் சிறியதாக்குங்கள். படுக்கைக்கு வைக்கோல் போட்டிருந்தால் அதையும் தின்னத் தொடங்கும். திடீரென நிறைய வைக்கோல் தின்பது சூலைக்குப் போடும் அழைப்பு.

லத்தியை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை போடுவது வழக்கம். எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ, உருண்டைகள் சிறுத்துக் காய்ந்து வந்தாலோ தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். உலர்புல் தின்னும் குதிரை நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். புல்லை நனைத்துக் கொடுப்பதும் உதவும்.

## வழி 2: துணை

குதிரை கூட்டமாக வாழ்ந்து பழகிய இரை விலங்கு. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். நின்றபடி உறங்குவது அந்தத் தூக்கத்துக்கு ஈடாகாது. காவலுக்கு இன்னொரு குதிரை கண்ணில் படாதபோது சில குதிரைகள் படுக்கவே அஞ்சும். வாரக்கணக்கில் அப்படி இருந்தால் நிற்கும்போதே முழங்கால் மடங்கி விழுந்து காயப்படும். தீவனம் நிரப்ப முடியாத ஓட்டையை, குறிப்பாக இரவை, நிரப்புவது துணைதான்.

சிறந்த துணை, பக்கத்து அறையில் மூக்கு தொடக்கூடிய கம்பித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் இன்னொரு குதிரை. எந்தக் குதிரை என்பது முக்கியம். தினமும் சவாரிக்குப் போகும் குதிரையைப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு காலையும் ஒரு பிரிவுத் துயரத்தை நீங்களே நடத்திக்காட்டுகிறீர்கள். எங்கும் போகாத கிழக்குதிரை, ஓய்வுபெற்ற மட்டக்குதிரை ஆகியவைதான் இந்த வேலைக்குத் தகுதியானவை. தொற்றுநோய் ஐயம் இருந்தால் மூக்கு தொடும் ஏற்பாடு கூடாது. பொலிக்குதிரைக்கு, அதாவது காயடிக்காத ஆண் குதிரைக்கு, பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதை அதன் குணம் அறிந்தவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆடு? அமெரிக்கப் பந்தயக் குதிரை சீபிஸ்கட் 1936இல் டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளரிடம் வந்தபோது அறைக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி நடக்கும் பதற்றக்காரன். ஸ்மித் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். குதிரை அதைப் பல்லால் கவ்வி அரைக்கதவுக்கு வெளியே எறிந்தது. பிறகு பம்ப்கின் என்ற சாந்தமான குதிரையை அடுத்த அறையில் கொண்டுவந்து, நடுச்சுவரை எடுத்துவிட்டார்கள். அவை வாழ்நாள் தோழர்களாயின. ஆடு பலருக்குப் பலித்திருக்கிறது என்பதும் உண்மை. ஆடு சிறிய இடத்தில் இருக்கும், தீவனச் செலவு குறைவு. ஆனால் குதிரையின் மொழி அதற்குத் தெரியாது, குதிரையின் காலடியில் ஓடும், கட்டுத்துணியையும் மென்று பார்க்கும்.

குதிரையும் இல்லை, ஆட்டுக்கும் வழியில்லை என்றால் கண்ணாடி. உடையாத அக்ரிலிக் கண்ணாடியை லாயத்தில் மாட்டியபோது தலையாட்டும் பழக்கம் குறைந்தது என்று 2002இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தன் உருவத்தை இன்னொரு குதிரை என்று எண்ணுகிறதா, அல்லது வெறும் அசைவே போதுமா என்று எனக்குத் தெளிவில்லை. பலன் தெரிகிறது, அவ்வளவே. தீவன இடத்துக்குத் தள்ளி, சுவரோடு ஒட்டிப் பொருத்துங்கள். முதல் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பிம்பத்தைப் போட்டியாளனாக நினைத்துக் காதை மடக்கிப் பாயும் குதிரைகளும் உண்டு.

மறைந்திருக்கும் விலை: ஒட்டுதல். ஆறு வாரம் ஒன்றாக இருந்த இரண்டும், ஒன்றை வெளியே எடுத்ததும் அலறும். துணைக்குதிரைக்கு உடம்பு சரியில்லாத ஒருநாளில் உங்கள் நோயாளி சுவரை உதைத்துக் காலைக் கெடுத்துக்கொள்ளக்கூடும். தொடக்கத்திலிருந்தே தினம் சில நிமிடம் பிரித்துப் பழக்கினால் இந்த விலை குறையும்.

## வழி 3: கையில் பிடித்து நடத்துவதும் மேய்ப்பதும்

மருத்துவர் அனுமதித்தால் இதைவிட நல்ல மருந்து இல்லை. மருத்துவர் அனுமதிக்கும் வரை இதைவிடப் பெரிய தவறும் இல்லை. தசைநாண் காயத்தில் முதல் சில வாரங்கள் போனபின், ஐந்து நிமிட நடையில் தொடங்கி மெல்லக் கூட்டுவது சிகிச்சையின் பகுதி. அளவான இழுவிசை கிடைத்தால்தான் புதிய இழைகள் ஒழுங்காக நீளவாக்கில் அமையும். முழுக் குணம் பெற ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும் காயம் அது. அவ்வளவு காலமும் நாலு சுவருக்குள் வைப்பது பொருளற்றது.

பிரச்சினை வாசலில் இருக்கிறது. நான்கு வாரம் அடைபட்ட குதிரை, கதவைத் தாண்டும் முதல் அரை நிமிடத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும், துள்ளும். ஒரே ஒரு துள்ளல் ஒரு மாத ஓய்வை அழித்துவிடும். கையுறை, தலைக்கவசம், நீளமான கயிறு, கடிவாளம் ஆகியவை இல்லாமல் நடத்தாதீர்கள். தீனி வைத்த பிறகு, மற்ற குதிரைகள் ஓடாத வேளையில், சமமான கெட்டித் தரையில், நேர்கோட்டில் நடத்துங்கள். முதல் சில நாட்கள் லாயத்தின் உள்வழியே போதும்.

நடையைவிட மேய்ப்பது பலநேரம் நல்லது. தலை தாழ்ந்து வாய் வேலைசெய்யும் குதிரைக்குத் துள்ள நினைவு வராது. ஆனால் பச்சைப்புல்லை வாரக்கணக்கில் காணாத வயிற்றுக்கு முதல்நாள் பத்து நிமிடம் போதும். குளம்பு அழற்சி உள்ள குதிரைக்கு நடையும் வேண்டாம், பச்சைப்புல்லும் வேண்டாம்.

மறைந்திருக்கும் விலை உங்கள் நாட்குறிப்பில் இருக்கிறது. ஏழு மணிக்கு நடை என்று பழகிவிட்டால் மழை பெய்தாலும் ஏழு மணிக்குக் குதிரை கதவருகே நிற்கும். நீங்கள் வராத நாள்தான் அந்த வாரத்தின் மோசமான நாள். தினமும் வர முடியாது என்றால், நேரத்தை மாற்றி மாற்றி நடத்துங்கள். எதிர்பார்ப்பு ஒரு மணியில் கெட்டிப்படாமல் இருக்கும்.

## வழி 4: சிறு அடைப்பு

லாய அறையின் அளவிலேயே, நான்கு மீட்டர் சதுரத்தில், வெளியே தடுப்புக் கம்பிகளால் ஓர் அடைப்பு. பரப்பு கூடவில்லை, காட்சி கூடுகிறது. வெயில், காற்று, மற்ற குதிரைகள், போகிற வருகிற ஆட்கள். அறையின் தூசியும் சிறுநீரின் அம்மோனியா நெடியும் இல்லை. அறைக்குள் ஓயாமல் சுற்றிவந்த குதிரைகள் வெளி அடைப்பில் மணிக்கணக்கில் அமைதியாக நின்று வேடிக்கை பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இதற்கு நேரெதிராக நடப்பதும் உண்டு. அடுத்த வெளியில் குதிரைகள் பாய்ந்து ஓடினால் இதுவும் ஓடப் பார்க்கும், தடுப்பில் சாயும், தாண்டவும் முயலும். தரையோடு அறையப்படாத தடுப்பு சரிந்தால் கால் கம்பிக்குள் சிக்கும். மழைச்சேறு, ஈ, நிழலின்மை எல்லாம் கூடுதல் வேலை. எனவே எலும்பு முறிவிலும் அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களிலும் இதை நினைக்கவே வேண்டாம். அமைதியாகக் கைநடை போகும் குதிரைக்குத்தான் இது அடுத்த படி. முதல் நாள் மருத்துவரிடம் கேட்டு லேசான மயக்க மருந்தோடு அறிமுகப்படுத்துவது வெட்கப்படவேண்டிய விஷயம் இல்லை.

## வழி 5: விளையாட்டுப் பொருளும் பயிற்சியும்

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீனி உதிர்க்கும் பந்து சில நாட்கள் சுவாரசியம் தரும், ஆழமான படுக்கையில் உருளாது, காலியானதும் எரிச்சல் தரும். தொங்கவிடும் இனிப்புக்கட்டி சர்க்கரைக் கட்டுப்பாட்டில் உள்ள குதிரைக்கு விஷத்துக்குச் சமம். கடிக்க மரக்கிளை கொடுப்பதாக இருந்தால் மரத்தின் பெயர் உறுதியாகத் தெரிய வேண்டும். அரளி போன்றவை கொஞ்சம் தின்றாலே கொல்லும். வானொலிப் பெட்டி குதிரையைவிடக் குதிரைக்காரருக்கே உதவுகிறது என்பது என் எண்ணம்.

பயிற்சி வேறு கதை. ஒரு குச்சியின் நுனியை மூக்கால் தொடுவது, சொன்னதும் தலை தாழ்த்துவது, ஓர் அடி பின்வாங்குவது, கால் தூக்கி நிற்பது. ஐந்து நிமிடப் பாடம், நாளில் இரண்டு முறை. கட்டு மாற்றும்போதும், பிற்பாடு வாசலைத் தாண்டும்போதும் இந்தப் பாடங்கள் கூலியைத் திருப்பித் தரும். பரிசுத் தீனியைக் கையால் கொடுக்காமல் வாளியில் போடுங்கள், இல்லையென்றால் கடிக்கும் பழக்கத்தை நீங்களே கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். இதோடு முதுகு தொடங்கும் திமில் பகுதியைச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கவ்விச் சொறியும் இடம் அது, அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணியும்.

## வழி 6: மருந்து

"மருந்து கொடுத்து அடக்குவதா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: திருகாணி வைத்துப் பொருத்திய எலும்பை அது உதைத்து உடைத்துக்கொண்டால்?

குதிரையை அமைதிப்படுத்தும் மருந்துகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை. அசெப்ரோமசின் சில மணி நேரம் மட்டும் வேலை செய்யும். குதிரை கொதித்தெழுந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு, கலங்கும் வேளைக்கு முன்பே கொடுக்க வேண்டும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆண் குதிரைகளில் அரிதாக ஆண்குறி உள்ளே திரும்பாமல் தொங்கி நிரந்தரக் கேடாகும், பொலிக்குதிரைக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவது அதனால்தான். ரெசர்பின் மெல்ல ஏறி நாட்கணக்கில் நிற்கும், வயிற்றுப்போக்கு வரலாம். நீண்டகால ஊசியான ஃப்ளூஃபெனசின் சில குதிரைகளில் கட்டுக்கடங்காத, பார்க்கவே பயமூட்டும் அசைவுகளை உண்டாக்கியிருக்கிறது. வாய்வழி கொடுக்கும் ட்ராசடோன் அண்மை ஆண்டுகளில் இந்தத் தேவைக்காகவே பயன்படத் தொடங்கியிருக்கிறது. எது, எவ்வளவு என்பது மருத்துவரின் வேலை. எந்த மணிக்குக் கலங்குகிறது என்ற உங்கள் குறிப்பு இருந்தால் அவருக்குத் தேர்வு எளிதாகும்.

மறைந்திருக்கும் விலைகள் மூன்று. மயக்கத்தில் நிற்கும் குதிரை சட்டென்று குறிபார்த்து உதைக்கும், தூங்குகிறது என்று நம்பிப் பின்னால் போகாதீர்கள். ஆழ்ந்த மயக்கம் தரும் ஊசிகள் குடலை மந்தமாக்கும், தெளியும் முன்பே தீனி வைத்தால் தொண்டையில் அடைக்கும். போட்டிக்குத் திரும்பும் குதிரையாக இருந்தால் இவை உடலை விட்டு நீங்கும் காலத்தையும் கேட்டு வையுங்கள். "மூலிகைதானே" என்று தாமாகக் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப்பட்டியலில் வலேரியன் வேரின் சத்தும் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | நிரப்பும் நேரம் | உங்கள் உழைப்பு | ஒருநாள் தவறினால் | முதலிடம் பெறும் நிலை |
|---|---|---|---|---|
| தின்னும் நேரத்தை நீட்டுதல் | 8–12 மணி | நாளுக்கு நான்கைந்து முறை | இரைப்பைப் புண், உதை | எல்லாக் காயங்களிலும் அடித்தளம் |
| துணை | நாள் முழுவதும், இரவும் | தொடக்கத்தில் மட்டும் | பிரிவுப் பதற்றம் | படுக்காத, கனைக்கும் குதிரை |
| கைநடை, மேய்ச்சல் | அரை மணி வரை | மிக அதிகம் | எதிர்பார்த்து ஏமாறும் | தசைநாண் காயம், வயிற்று அறுவைக்குப் பின் |
| சிறு அடைப்பு | பகல் முழுவதும் | அமைக்கும்போது அதிகம் | அவ்வளவாகப் பாதிப்பில்லை | ஓய்வின் பிற்பகுதி |
| பொருள், பயிற்சி | பத்து நிமிடம் முதல் ஒரு மணி | மிதமானது | ஒன்றும் ஆகாது | சலிக்கும் இளங்குதிரை |
| மருந்து | மருந்தைப் பொறுத்தது | குறைவு, கண்காணிப்பு அதிகம் | கலக்கம் முழுதாகத் திரும்பும் | உதைத்தால் எலும்பே போகும் நிலை |

## எந்தக் காயத்துக்கு எந்தச் சேர்க்கை

எலும்பு முறிவில், குறிப்பாகப் படுத்து எழும்போது பிளவு விரியும் என்று அஞ்சிக் கட்டிவைக்கப்பட்ட குதிரைக்கு, தீவனம் ஒரே இடத்தில், துணை கண்ணெதிரே, மருந்து கையருகே. பந்தும் அடைப்பும் பேச்சிலேயே வரக்கூடாது. நல்ல காலின் குளம்பைத் தினமும் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கிறதா என்று. பார்பரோ என்ற பந்தயக் குதிரை 2006 மே மாதம் ப்ரீக்னஸ் ஓட்டத்தில் வலது பின்னங்கால் முறிந்து, அறுவையும் தாங்கி, மருத்துவமனை வளாகத்தில் கையில் பிடித்து மேய்க்கப்படும் அளவுக்குத் தேறியது. ஆனால் பாரத்தைச் சுமந்த எதிர்க்காலில் இடையிலேயே வந்துவிட்ட குளம்பு அழற்சி விடவில்லை. 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

குளம்பு அழற்சியில் ஆழமான படுக்கை, சர்க்கரை வடியும்படி ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிய உலர்புல், அமைதியான துணை. இனிப்பு ஒரு துண்டுகூட வேண்டாம். வெப்பமான நாளில் ஊறிய புல் விரைவில் கெடும், அவ்வப்போது ஊறவைத்துக் கொடுங்கள். இந்தக் குதிரைகள் பெரும்பாலும் அடம்பிடிக்காது. வலியால் அடங்கிக் கிடப்பதை நல்ல குணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூலைக்காக வயிற்றைத் திறந்த குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தீவனமும், நாளில் பலமுறை கைமேய்ச்சலும். வழக்கமாக ஒரு மாதம் அறை, அடுத்த மாதம் சிறு அடைப்பு என்று போகும். தசைநாண் காயத்தில் முதலில் தீவனமும் துணையும், பிறகு கைநடை, கடைசியில் அடைப்பு என்ற வரிசை. சீபிஸ்கட் 1939 பிப்ரவரியில் முன்னங்கால் தசைநார் அறுந்து ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. ஓராண்டு கழித்து, 1940 மார்ச் 2ஆம் தேதி, சான்டா அனிட்டா ஹேண்டிகேப் ஓட்டத்தை வென்றது. அந்த ஓராண்டு, பொறுமையாக ஏற்றப்பட்ட நடை.

குளம்புச் சீழ் போல ஒரு வாரத்தில் முடியும் விஷயத்துக்கு இவ்வளவு ஆயத்தம் தேவையில்லை. புல்லைக் கூட்டுங்கள், தானியத்தைக் குறையுங்கள், போதும்.

## வெளியே விடும் நாள்

இத்தனை வாரச் சேமிப்பும் தொலைவது பெரும்பாலும் இந்த நாளில்தான். மருத்துவர் "விடலாம்" என்றதும் பெரிய வெளியில் அவிழ்த்துவிட்டு, குதிரை நாலுகால் பாய்ச்சலில் போவதைப் பார்த்துக் கண்கலங்கும் உரிமையாளர்கள், இரண்டு நாள் கழித்து வீங்கிய காலோடு அவரையே அழைப்பார்கள். சிறிய, வழுக்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள். வயிறு நிறையப் புல் தின்ற பிறகு, காலுறை கட்டி, தேவைப்பட்டால் மயக்க மருந்தோடு விடுங்கள். சாந்தமான துணைக்குதிரை முன்பே உள்ளே மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். முதல் நாள் இருபது நிமிடம் போதும். பந்தைத் தேடி எடுத்துவர வேண்டியதில்லை.